பத்துல நாலாவது கார்டு

டெக்கோரா, அயோவா
செப்டம்பர் 8

அக்கா அக்கா அக்கா,

இங்க நான் நல்லா இருக்கேன், அம்மாவும் நல்லா இருக்காங்க. பூனைதான் இங்க் பேட்ல கால வெச்சுட்டு சோஃபா பூரா ஸ்டாம்ப் அடிச்சு வெச்சிருக்கு. நீ எப்படி இருக்க? கால்வின் மாமா எப்படி இருக்காரு? மொன்டானாவுல காட்டுத்தீ அணைஞ்சுதா? போன மாசம் வீடியோவுல பாத்தப்ப உன் ஜன்னலுக்கு வெளிய ஆரஞ்சு கலர் தவிர ஒண்ணுமே தெரியல. நீ வேற இருமிட்டே இருந்த. இருமல் போச்சா? போச்சுன்னா போச்சுன்னு எழுது, போகலன்னா போகலன்னு எழுது. நம்ம ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? போன்ல ஜோக்கு மட்டும், நிஜம் எல்லாம் கார்டுக்குள்ள. நீ கல்யாணமாகிப் போன அன்னிக்கு நீயே போட்ட ஒப்பந்தம்டீ.

இப்ப மேட்டர் என்னன்னா, எங்க ஆன்லைன் ரப்பர் ஸ்டாம்ப் குரூப்ல இந்த வருஷ கார்டு மாத்திக்கிற ஸ்வாப்பை என்னை நடத்தச் சொல்லிட்டாங்க!! எனக்கு இருபது வயசு, குரூப்லயே சின்னப் பொண்ணு, என்கிட்ட போய்!! ரூல் உனக்கே தெரியும். பத்து பேரு, ஆளுக்கு ஒரே மாதிரி பத்து கார்டு, எல்லாம் எனக்கு வரும், நான் கலைச்சுப் போட்டு ஆளுக்குப் பத்து தினுசா திருப்பி அனுப்புவேன். பின்னாடி பென்சில்ல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடணும். முழுசா அவங்கவங்க கையால செஞ்சிருக்கணும். இந்தத் தடவை இங்க் பேடே கிடையாது, மார்க்கர் மட்டும்தான்!

நீ நம்ம காட்டு ரோஜா ஸ்டாம்பை எடு. ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே நாள்ல ஆளுக்கொண்ணு வாங்கினோமே, அது. ரப்பர் மேலயே மார்க்கரால நேரா கலர் அடி. இதழுக்கு ரோஸ், ஓரத்துல கொஞ்சம் சிவப்பு, நடுவுல மஞ்சள், இலைக்கு ரெண்டு பச்சை. அப்புறம் கண்ணாடி துடைக்க ஆவி விடுற மாதிரி ஒரே ஒரு "ஹா". காஞ்ச மை திரும்ப ஈரமாயிடும். தாள்ல அழுத்து, பளிச்! இத நான் உனக்குச் சொல்றேன் பாரு, எனக்கு "ஹா" விடச் சொல்லிக் குடுத்ததே நீதான்.

அப்பாவுக்கும் முதல்ல வெறும் இருமல்னுதான் சொன்னாங்க. சரி சரி, நிறுத்திட்டேன்.

முத்தங்களோட,
பிரின்னா


ஹேமில்டன், மொன்டானா
செப்டம்பர் 21

வாயாடித் தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். மாமாவும் சௌக்கியம், அவரோட லாரிக்குத்தான் உடம்பு சரியில்ல. அம்மா முட்டி வலி எப்படி இருக்கு? ஸ்கூல் கேன்டீன்ல தூக்கறது இறக்கறதெல்லாம் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு.

தீ அணைஞ்சுது. வானம் நீலமா இருக்கு, சந்தேகம்னா உள்ள இருக்கிற கார்டுல நீலம் அடிச்சிருக்கேன் பாத்துக்கோ. ஸ்வாப்ல நான் இருக்கேன். வீடியோ வராது, என் போன்ல கேமரா போச்சு. கேட்டுட்டே இருக்காத.

அன்போட,
ஹேட்டி


டெக்கோரா
செப்டம்பர் 30

அக்கா,

சௌக்கியமா? நாங்க சௌக்கியம். அம்மா முட்டிக்கு ஐஸ் வெச்சுட்டு உக்காந்திருக்காங்க, உன்னைக் கேட்டாங்க.

ஐயோ அந்தக் கார்டு!! என்னடீ பண்ண அந்த ரோஜாவ? கீழ் இலை பளிச்சுன்னு இருக்கு, நடுவுல கொஞ்சம் மங்குது, மேல இதழ் அப்படியே மூடுபனிக்குள்ள போற மாதிரி கரைஞ்சு காணாமப் போகுது! எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. கத்திட்டேன். பூனை ஓடிடுச்சு.

உடனே என் சேனல்ல போட்டேன். "என் அக்காவோட பனி எஃபெக்ட்"னு தலைப்பு. நாலாயிரம் பேரு பாத்துட்டாங்க! என் வீடியோவ இதுவரைக்கும் அதிகமாப் பாத்தது இருநூறு பேரு, அதுல நூறு தடவை நான். ஸ்வாப்ல இருக்கிற லூவெல்லா ஆன்டி, முப்பது வருஷமா ஸ்டாம்ப் அடிக்கிறவங்க, "இது எப்படிம்மா செய்றா உங்க அக்கா?"ன்னு மூணு தடவை கேட்டுட்டாங்க. எனக்கே தெரியல! மார்க்கரை பிளாஸ்டிக் மூடியில கிறுக்கி, தண்ணி பிரஷ்ல தொட்டு வெளிறப் பண்ணியா? முதல்ல வேஸ்ட் தாள்ல ஒரு தடவை அடிச்சுட்டு ரெண்டாவது அச்ச எடுத்தியா? சொல்லு சொல்லு சொல்லு.

கேமரா போச்சுன்னா சும்மா பேசவாவது செய்யலாம்ல? ஞாயித்துக்கிழமை மூணு தடவை அடிச்சேன். கட்டைவிரல் பொம்மை மட்டும் அனுப்புற. கட்டைவிரலுக்கு இருமல் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

உன்,
பிரின்னா


ஹேமில்டன்
அக்டோபர் 12

பிரின்னா,

எல்லாரும் நலம்தானே? இங்கயும் அப்படித்தான்.

நாலாயிரம் பேரா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், தலையாவது வாரியிருப்பேன். அது எப்படின்னு சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம். நானே பேரு கூட வெச்சுட்டேன், மலைப்பனி. லூவெல்லா ஆன்டிகிட்ட சொல்லு, ஹேட்டி ஒரு பிஸ்கட் டப்பா பார்சல் வந்தாத்தான் வாயத் திறப்பாளாம்.

பத்து கார்டும் தபால்ல போட்டாச்சு. மாமா தான் போஸ்ட் ஆபீஸ் போனாரு. எனக்குக் கொஞ்சம் வேலை இருந்துச்சு.

ஹேட்டி


டெக்கோரா
அக்டோபர் 29

அக்கா,

நீ எப்படி இருக்க? இது சும்மா வழக்கத்துக்குக் கேக்கற கேள்வி இல்ல. நிஜமாக் கேக்கறேன்.

உன் பத்து கார்டும் வந்துச்சு. டைனிங் டேபிள்ல நம்பர்படி வரிசையா வெச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு நல்லா இருக்கு. நாலுல மேல் இதழ் போச்சு. அஞ்சுல நடுவும் போச்சு. ஆறு, ஏழுல இலை மட்டும் இருக்கு. எட்டு திடீர்னு தேறியிருக்கு. ஒன்பது மறுபடி மங்கல். பத்துல தண்டு மட்டும்.

ஒருத்தி ஒரு ஸ்டைலை வேணும்னு செஞ்சா பத்தும் ஒண்ணு போல இருக்கும்ல? ஸ்வாப்போட அர்த்தமே அதுதானே? ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல நீ என்ன பண்ண அக்கா? உக்காந்து ரெஸ்ட் எடுத்தியா? படுத்துத் தூங்கினியா?

பனி எஃபெக்ட் எப்படின்னு கண்டுபிடிச்சு வீடியோ போடணும்னு ஒரு வாரமா மண்டைய உடைச்சுட்டு இருந்தேன். பழைய மார்க்கரால அடிச்சுப் பாத்தேன், கோடு கோடா வந்துச்சு, மங்கல. தண்ணி பிரஷ், திட்டுத்திட்டா ஆச்சு. ரெண்டாவது அச்சு, மொத்தமும் ஒரே மாதிரி வெளிறுச்சு. உங்க ஊருல காத்து காஞ்சதுன்னு ஹீட்டர் முன்னாடி வெச்சு ரெண்டு நிமிஷம் காய விட்டேன். அப்புறம் ஒரு "ஹா". மறுபடி பளிச்.

அப்புறம் ஒரு தடவை அம்மா கூப்பிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டு வந்து, "ஹா" விட மறந்துட்டு, அப்படியே அடிச்சேன். பத்தாவது கார்டு வந்துச்சு. உன் பத்தாவது, அச்சு அசல். அடுத்ததுக்குப் பாதி மூச்சு மட்டும், கீழ மட்டும் படற மாதிரி விட்டேன். நாலாவது வந்துச்சு.

நான் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்துட்டேன். அந்த வீடியோவ இப்ப ஒன்பதாயிரம் பேரு பாத்திருக்காங்க. அழகா இருக்கு, அழகா இருக்குன்னு எழுதறாங்க.

அக்கா, உனக்கு மூச்சு விட முடியுதா?

பிரின்னா


டெக்கோரா
நவம்பர் 9

அக்கா,

பதினோரு நாளாச்சு. நான் நலம்னு எழுத வரல. அம்மாகிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. தபால்காரர் வண்டி சத்தம் கேட்டா செருப்பு கூடப் போடாம ஓடறேன், அவரு "இன்னிக்கும் மின்சார பில்லுதான் பாப்பா"ன்னு சிரிக்கிறாரு.

இன்னொண்ணும் கவனிச்சேன். உன் கார்டுல எப்பவும் விறகுப் புகை வாசனை அடிக்கும். குளிர் வந்தாச்சுன்னா உங்க வீட்டு அடுப்பு அணையவே அணையாது, பனியன் கூட நாறுதுன்னு நீயே திட்டுவ. இந்தப் பத்துலயும் வாசனையே இல்ல. மோந்து மோந்து பாத்தேன். ஏன் அடுப்பு எரியல?

ஒரு வரி போதும்.

பிரின்னா


ஹேமில்டன்
நவம்பர் 16

துப்பறியும் தங்கச்சிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

நீ ரொம்ப வீடியோ பாக்குற. மார்க்கர் காஞ்சு போச்சு, அவ்வளவுதான். புதுசு வாங்கி மறுபடி பத்து கார்டு செஞ்சு இதோட வெச்சிருக்கேன். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துக்கோ. அடுப்புக் குழாய் ரிப்பேரு. போதுமா? இதையே ஸ்வாப்புக்கு அனுப்பு, முதல் பத்தைக் குப்பையில போடு.

தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வர முடியாது. ரோடுல பனி.

ஹேட்டி


டெக்கோரா
நவம்பர் 24

கால்வின் மாமாவுக்கு,

நீங்க சௌக்கியம்னு எனக்கு நல்லாவே தெரியும். உங்க மூச்சு ரொம்ப பலமா இருக்கு. பத்து கார்டுலயும் பாத்தேன்.

கலர் அடிச்சது அக்காதான். இதழோட அடியில ஒரு அழுத்து, ஓரத்துல ஒரு இழுப்பு, இடது கைக்காரிக்கு மட்டும் வர்ற சாய்வு, அதை நான் தூக்கத்துலயும் கண்டுபிடிப்பேன். ஆனா "ஹா" அவளோடது இல்ல மாமா. அவ எட்ட வெச்சு மெதுவா விடுவா. இது மாடு மூச்சு விட்ட மாதிரி இருக்கு. மை குளம் கட்டி ஓரத்துல எல்லாம் வழிஞ்சிருக்கு. ஆறாவது கார்டுல, ரோஜாவுக்குப் பக்கத்துல, ஒரு பழுப்புப் புள்ளி. நக்கிப் பாத்தேன். காப்பி. அக்கா வாழ்க்கையில காப்பி குடிச்சதில்ல.

நான் கோவமா இல்ல. பொய், கோவமாத்தான் இருக்கேன். ஆனா அதைவிட பயமா இருக்கு. தேங்க்ஸ்கிவிங்குக்கு அம்மா நாலு தட்டு எடுத்து வெச்சாங்க, அப்புறம் ரெண்டை உள்ள வெச்சாங்க. அம்மாகிட்ட நான் என்ன சொல்லணும்னு நீங்களே எழுதுங்க.

பிரின்னா


ஹேமில்டன்
டிசம்பர் 3

பிரின்னா,

நீயும் அம்மாவும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்ல. லாரி பத்தின்னா எழுதுவேன்.

காப்பி என் தப்பு. குடிச்சுட்டு ஊதாதன்னு ஹேட்டி சொன்னா.

ஆகஸ்ட்டுல புகை வந்தப்பவே ஆரம்பிச்சுது. செப்டம்பர்ல மாடிப்படி ஏற முடியல. டாக்டர் நுரையீரல்ல வீக்கம்னாங்க, அடியில கொஞ்சம் தழும்பும் விழுந்திருக்காம். உங்க அப்பாவுக்கு வந்த மாதிரியேவான்னு கேட்டா. அவருக்கு தானியக் குடோன் தூசியால வந்துது, இது வேறன்னு சொன்னாங்க. அவ நம்பல. மூக்குல ஆக்சிஜன் குழாய் போட்டிருக்கு. அது இருக்கிற வீட்டுல நெருப்பு ஆகாதுன்னு நான்தான் அடுப்பை அணைச்சேன். கரன்ட் ஹீட்டர்ல ஓடுது.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னா, அப்பா கடைசி வருஷம் நீ அவரு கட்டில் பக்கத்துல உக்காந்து மூச்ச எண்ணிட்டே இருப்பியாமே. பதினாலு வயசுல. அவரு போன பிறகும் ஒரு வருஷம் தூக்கத்துல எண்ணினியாமே. "அவளை மறுபடி எண்ண விட மாட்டேன்"னு சொன்னா. எனக்கு அது சரின்னு பட்டுது. இப்ப சரியாப் படல.

ரெண்டாவது பத்து செய்யறப்ப, அவ கலர் அடிச்சுக் குடுப்பா, நான் ஊதுவேன், அவ அடிப்பா. நாலு முடிஞ்சதும் அழுதா. "நாம தோத்துட்டோம் கால்வின், பிரின்னா கண்டுபிடிச்சுருவா"ன்னா. நான் "கண்டுபிடிக்கவே மாட்டா"ன்னேன். நீ நக்கிப் பாப்பன்னு நான் எங்க கண்டேன்.

புது மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. ஜனவரில டெஸ்ட். கேக்குமா கேக்காதான்னு அப்பத்தான் தெரியும். அம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லிடு.

கால்வின்


டெக்கோரா
டிசம்பர் 8

அக்கா,

எப்படி இருக்கன்னு இந்தத் தடவை கேக்கல. தெரியும். நாங்க எப்படி இருக்கோம்னு நீயும் கேக்காத.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். கேட்டுட்டு எந்திரிச்சுப் போய் ஓவனைத் துடைச்சாங்க. துடைச்சு முடிச்சு, "லீவு எத்தனை நாள் இருக்குன்னு கேக்கறேன்"னாங்க. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வரோம். வேண்டாம்னு எழுதினா, கார்டைப் பிரிக்கறதுக்குள்ள கிளம்பியிருப்போம்.

உன்மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? கண்ணாடி ஜாடில இருந்த மார்க்கர் எல்லாத்தையும் தரையில வீசிட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணா மூடி தேடிப் போட்டேன், இல்லன்னா காஞ்சுரும்ல. நீ மறைச்சதால நான் எண்ணாம இருந்தேன்னு நினைச்சியா? அக்கா, நான் மூச்சுக்குப் பதிலா கார்டை எண்ணினேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு டேபிள்ல வெச்சு எண்ணினேன். ஒண்ணும் தெரியாம எண்ணறது அப்பாகிட்ட எண்ணினதைவிட மோசமா இருந்துச்சு. அப்பா மூச்சாவது கண்ணு முன்னாடி இருந்துச்சு.

ஸ்ப்ரே பாட்டில்னு ஒண்ணு இருக்குடீ! ஒரு அமுக்கு, மை ஈரமாயிடும், மூச்சே வேண்டாம். அது உனக்குத் தெரியாதா? ஏன் எடுக்கல? அதை மட்டும் எனக்குச் சொல்லு.

பனி எஃபெக்ட் வீடியோவ எடுத்துட்டேன். குரூப்ல காரணத்தைச் சொன்னேன். லூவெல்லா ஆன்டி "பிஸ்கட் டப்பா எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்?"னு கேட்டாங்க. ரெண்டு நாள்ல உனக்கு வரும், மாமாகிட்ட இருந்து ஒளிச்சு வை.

ஸ்வாப் முடிஞ்சுது. ரூல்னா ரூல், முழுசா அவங்கவங்க கையால செஞ்சிருக்கணும். மாமா மூச்சு செல்லாது. அதனால குப்பையில போடச் சொன்னியே, அந்த முதல் பத்தைத்தான் அனுப்பினேன். தண்டு மட்டும் இருக்கிற பத்தாவதை லூவெல்லா ஆன்டி கேட்டு வாங்கிக்கிட்டாங்க. என் பங்குக்கு நாலாவதை எடுத்துக்கிட்டேன். காப்பிக் கார்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, மாமாவை அவமானப்படுத்த.

இனிமே மங்கினா மங்கினதையே அனுப்பு. நல்லா வந்ததை மட்டும் பொறுக்கி அனுப்புனன்னா அதுவும் பொய்தான்.

வந்து பேசிக்கறேன்,
பிரின்னா


ஹேமில்டன்
பிப்ரவரி 2

என் பிரின்னாவுக்கு,

நீயும் அம்மாவும் நல்லபடியா இருக்கீங்களா? ஊர் போய்ச் சேந்து அம்மா முட்டி என்ன சொல்லுது? நான் எப்படி இருக்கேன்னு ஒழுங்கா எழுதறேன். ஒப்பந்தம் போட்டவளே நான்தானே.

மாத்திரையில மூஞ்சி பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு. பெரிய மனுஷி களை வந்துடுச்சுன்னு மாமா என்னை "மேயர்"னு கூப்பிடறாரு. டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. வீக்கம் இறங்கிட்டு இருக்கு. தழும்பு அப்படியேதான் இருக்கும், அது போகாதுன்னு டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க. பகல்ல ரெண்டு மணி நேரம் குழாய் இல்லாம இருக்கலாம். மாடிப்படி ஏழு ஏறினேன். எட்டாவதுல உக்காந்துட்டேன். பயமா இருக்கா? ஆமா, இருக்கு. உனக்கும் இருக்கும். இதுக்கு மேல இதைப் பத்தி எனக்கு எழுத வராது.

ஸ்ப்ரே பாட்டில் ஏன் எடுக்கலன்னு கேட்ட. நேர்ல கேட்டப்ப பேச்சை மாத்திட்டேன். பாட்டில் மேஜை மேலயே இருந்துச்சுடீ, கைக்கெட்டுற தூரத்துல. அதை எடுத்தா இது நிஜம்னு ஆயிடும். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ்ல இன்னொண்ணும் நடந்துச்சு, அப்ப சொல்லல. நீ என் பக்கத்துல உக்காந்து படம் பாத்தியே. மூச்சை எண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணிருந்த. கையைப் போர்வைக்குள்ள வெச்சு ஒவ்வொரு விரலா மடக்கிட்டு இருந்த. போர்வை அசைஞ்சுது. நான் பாத்தேன். ஒண்ணும் சொல்லாம, நீ எண்ண வசதியா இருக்கட்டும்னு மெதுவா மூச்சு விட்டேன். எண்ணிக்கோ பிரின்னா. உனக்கு அப்படித்தான் வருதுன்னா எண்ணிக்கோ. ஆனா என் முன்னாடியே எண்ணு.

அதுக்குத்தான் இந்தக் கவர். ரோஸ், சிவப்பு, மஞ்சள், ரெண்டு பச்சை, எல்லாம் நானே அடிச்சேன். ஸ்ப்ரே இல்ல, மாமா இல்ல, குழாயும் இல்ல. ஒரே மூச்சா உக்காந்து செஞ்சேன், நடுவுல ரெஸ்ட் எடுக்கல. அக்டோபர்ல மூணுதான் முழுசா வந்துச்சு. இந்தத் தடவை அஞ்சு. அஞ்சாவதுல மேல் இதழ் வரைக்கும் வந்திருக்கு பாரு, ஓரச் சிவப்பு கூட விழுந்திருக்கு.

ஆறாவதையும் உள்ள வெச்சிருக்கேன். வெறும் தாள்னு நினைச்சு எறிஞ்சுடாத. பின்னாடி நம்பர் போட்டிருக்கேன். ஜன்னல் கிட்ட கொண்டு போய் லேசா சாய்ச்சுப் பாரு. கீழ, இடது பக்கம், ஒரு இலை இருக்கு.

உன் அக்கா,
ஹேட்டி